மஞ்சள் பையிலிருந்த ஐந்து சீட்டுகள்: கூம்புக் கருவிழி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் படிக்கும் 18 வயது மாணவர் ஒருவர் தம் தாயாருடன் எங்கள் கருவிழிப் பிரிவுக்கு வந்திருந்தார். (கருவிழி என்று இங்கே நான் சொல்வது, கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற தெளிந்த படலத்தை.) மூன்று மாதத்துக்கு முன் போட்ட கண்ணாடி சேரவில்லை என்பதும், இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு ஒன்றுக்கு நான்காக இழுத்துக்கொண்டு தெரிகிறது என்பதும்தான் அவர்கள் சொன்ன குறைகள். கண்ணாடிக் கடையில் பவரைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று தாயார் உறுதியாக நம்பினார். அதற்குச் சான்றாக, தாம் கொண்டுவந்திருந்த மஞ்சள் பையிலிருந்து ஐந்து கண்ணாடிச் சீட்டுகளை எடுத்து மேசைமீது ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கும் கூலி வேலைக்குப் போகும் அந்த அம்மா, நான்கு ஆண்டுச் சீட்டுகளில் ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை.

ஐந்தும் மூன்று வெவ்வேறு கடைகளில் எழுதப்பட்டவை. 14 வயதில் எழுதிய முதல் சீட்டில் இடது கண்ணின் சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் சமமாக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) 1.25, அந்தப் பவர் வைக்கப்படும் திசையான அச்சு 180 டிகிரி. ஐந்தாவது சீட்டில் அதே கண்ணுக்குச் சிலிண்டர் பவர் 5.50, அச்சு 140 டிகிரி. வலது கண்ணும் அதே திசையில், ஆனால் மெதுவாக நகர்ந்திருந்தது. வளரும் பிள்ளைக்குக் கிட்டப்பார்வை ஆண்டுதோறும் சற்று ஏறுவது வழக்கமே. சிலிண்டர் பவர் இந்த வேகத்தில் ஏறுவதும், அதன் அச்சும் கூடவே திரும்புவதும் வழக்கமல்ல. தனித்தனியாகப் பார்த்தால் எந்தச் சீட்டிலும் பிழையில்லை. அன்றைய கண்ணுக்கு அன்றைய பவரை ஒவ்வொரு கடையும் சரியாகவே எழுதிக்கொடுத்திருந்தது. ஐந்தையும் வரிசையாக அடுக்கிப் பார்க்கும் வாய்ப்பு மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை. கண்ணின் முன்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் பிளவு விளக்கின் முன் மாணவரை உட்கார வைப்பதற்கு முன்பே, இது கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் கூம்புக் கருவிழி நோய் என்று ஏறத்தாழத் தெரிந்துவிட்டது.

கசக்கும் பழக்கம்

கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டபோது மாணவர் இல்லையென்று தலையசைத்தார். "எந்நேரமும் கசக்கிக்கிட்டேதான் டாக்டரம்மா இருப்பான், தூங்கையிலயும் கைய எடுக்க மாட்டான்" என்றார் தாயார். இந்த நோயில் நோயாளியின் வாய்மொழியை மட்டும் நம்பக் கூடாது என்பது என் அனுபவம். பொய் சொல்வதற்காக அவர்கள் மறுப்பதில்லை. செய்வது தங்களுக்கே தெரிவதில்லை. அன்றும் சொட்டு மருந்துக்காகக் காத்திருந்த இருபது நிமிடத்தில் அவர் நான்கு முறை கண்ணுக்குக் கையைக் கொண்டுபோனதைச் செவிலியர் எண்ணி வைத்திருந்தார். விரல் நுனியால் துடைத்துக்கொள்ளும் கசக்கல் அன்று அது. இடதுகையின் விரல் முட்டியை மடக்கி, மூடிய இமையின்மேல் வைத்து, மாவாட்டுவதுபோல் அழுத்திச் சுழற்றும் கசக்கல். அவர் இடதுகைக்காரர், கவிழ்ந்து படுத்து, இடது முழங்கையைக் கண்ணுக்கு முட்டுக் கொடுத்துத் தூங்குபவர். நோய் இடது கண்ணில் முற்றியிருந்ததற்கு இவை இரண்டையும் முழுக் காரணமாகச் சொல்ல முடியாது என்றாலும், இரண்டையும் குறித்துக்கொள்ளாமல் விடுவதும் சரியாகாது.

நமைச்சல் எட்டு வயதிலேயே தொடங்கியிருக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் கண் சிவந்து, நூல் நூலாகப் பீளை வந்து, ஐப்பசி மழைக்குத் தணிந்துவிடும். வெப்பமும் புழுதியும் மிகுந்த வறண்ட நிலப்பகுதிகளில் ஆண் பிள்ளைகளை அதிகமாகப் பிடிக்கும் பருவகால ஒவ்வாமைக் கண்ணழற்சி இதுதான். வீட்டில் நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றியிருக்கிறார்கள், விளக்கெண்ணெய் விட்டிருக்கிறார்கள். இவற்றைவிட எனக்குக் கவலையளித்தது, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி இரண்டு கோடைகாலம் முழுதும் விட்டுக்கொண்ட ஸ்டீராய்டு சொட்டு மருந்து. அது இரண்டே நாளில் சிவப்பை எடுத்துவிடும், அதனால் வீட்டில் அதற்கு நல்ல பெயர். நாட்பட விட்டால் கண்ணின் நீரழுத்தத்தை உயர்த்தி, வலியே இல்லாமல் பார்வை நரம்பைக் கெடுத்துவிடும், கண்புரையையும் கொண்டுவரும்.

பரிசோதனையில் கண்டவை

கண்ணாடியில்லாமல் வலது கண்ணின் பார்வை 6/24, இடது கண்ணின் பார்வை 6/60 (இயல்பான பார்வை 6/6; கீழ் எண் கூடக் கூடப் பார்வை குறைவு). சிறந்த கண்ணாடியுடன் வலது 6/9 வரை வந்தது. இடது 6/24க்கு மேல் ஏறவில்லை. ஆனால் ஊசித்துளை வழியே பார்க்கச் சொன்னபோது அதே இடது கண் 6/12 வரை வாசித்தது. விழித்திரையோ நரம்போ கெட்டிருந்தால் துளை வழியே பார்வை கூடுவது அரிது. ஒளி உள்ளே நுழையும் வாசலில்தான் கோளாறு என்பதற்கு இது எளிய சான்று. கண்ணுக்குள் ஒளியைச் செலுத்திப் பவரைக் கணிக்கும் கைக்கருவியான ரெட்டினாஸ்கோப்பின் ஒளிக்கீற்றை ஆட்டியபோது, நிழலின் இரு பாதிகளும் கத்தரிக்கோலின் அலகுகளைப்போல் ஒன்றையொன்று நோக்கி வந்து விலகின. இதற்கு விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டியதில்லை. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ ஒரு சிறு கண்ணாடிக் கடையில் இருக்கும் கண் பரிசோதகர்கூட இந்தக் கத்தரி நிழலைப் பார்த்துவிட முடியும், தானியங்கிக் கருவி அச்சடித்துத் தரும் சீட்டோடு நின்றுவிடாமல் ரெட்டினாஸ்கோப்பைக் கையில் எடுத்தால்.

பிளவு விளக்கில் இடது கருவிழியின் மையத்துக்குச் சற்றுக் கீழே படலம் மெலிந்து முன்னுக்குத் தள்ளியிருந்தது. அதன் ஆழத்தில் மயிரிழை போன்ற செங்குத்துக் கோடுகள் தெரிந்தன. இமை வழியே விரலால் இலேசாக அழுத்தியபோது அவை மறைந்து, விரலை எடுத்ததும் மீண்டும் வந்தன. வோக்ட் கோடுகள் எனப்படும் இவை, படலம் இழுபட்டுக்கிடப்பதன் அடையாளம். கூம்பின் அடிவாரத்தைச் சுற்றி இரும்புச்சத்து படிந்த பழுப்பு வளையம் ஒன்று நீல ஒளியில் பாதி வட்டமாகத் தெரிந்தது. மேலிமையைப் புரட்டிப் பார்த்தபோது ஒவ்வாமையின் தடிப்புகள் கூழாங்கல் பாவியதுபோல் நெருங்கியிருந்தன. வலது கண்ணில் தடிப்புகள் மட்டுமே, கோடுகளோ வளையமோ இல்லை.

கண் நீரழுத்தம் வலதில் 14, இடதில் 12 என்று வந்தது. கேட்பதற்கு நல்ல எண்கள்தாம். ஆனால் மெலிந்து தளர்ந்த கருவிழியின்மேல் அழுத்தத்தை அளக்கும் கருவி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும் என்பதாலும், இவர் ஸ்டீராய்டு விட்டுக்கொண்டவர் என்பதாலும், பார்வை நரம்பைத் தனியாகப் பார்த்துப் படமெடுத்து வைத்துக்கொண்டோம். நரம்பு நலமாக இருந்தது.

கருவிழியின் முன்புற, பின்புற வளைவுகளையும் ஒவ்வொரு புள்ளியின் தடிமனையும் வரைபடமாக்கும் ஸ்கேனில் மீதிக் கதை கிடைத்தது. இயல்பான கருவிழியின் மையத் தடிமன் ஏறத்தாழ 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதன் வளைவின் திறன் 43 டயாப்டர் அளவில் இருக்கும் (டயாப்டர் என்பது ஒளியை வளைக்கும் திறனின் அலகு; எண் கூடினால் வளைவு செங்குத்தாகிறது என்று பொருள்). இவருடைய வலது கண்ணில் மிகச் செங்குத்தான புள்ளி 49.6 டயாப்டர், மிக மெல்லிய இடம் 478 மைக்ரான். இடது கண்ணில் இவை முறையே 57.2 டயாப்டர், 421 மைக்ரான். கீழ்ப்பாதியில் சிவப்புத் திட்டும் மேற்பாதியில் நீலமுமாக இருந்த அந்த வரைபடத்தைத் தாயாரிடம் காட்டி, சிவப்பு இருக்கும் இடத்தில் கண் பிதுங்கியிருக்கிறது என்று விளக்கினேன்.

நோயின் இயல்பு

கெரட்டோகோனஸ் என்னும் இந்தக் கூம்புக் கருவிழி நோயைப் பிற கருவிழி நோய்களிலிருந்து பிரித்துத் தெளிவாக எழுதியவர் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மருத்துவர் ஜான் நாட்டிங்காம், ஆண்டு 1854. கருவிழியின் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு, கொலாஜன் இழைகளை நெருக்கமாக அடுக்கிய நடுப்படலம். இழைகளுக்கிடையே உள்ள பிணைப்பு தளர்ந்துபோனால், கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்கமாட்டாமல், கட்டு நெகிழ்ந்த கூரை ஓலை சரிவதுபோல் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகரும். படலம் மெலியும், மெலிந்த இடம் கூம்பாகும். பெரும்பாலும் பருவ வயதில் தொடங்கி, இருபதுகளில் வேகமாக நகர்ந்து, முப்பதுகளின் பிற்பகுதியிலோ நாற்பதுகளிலோ தானாகவே நின்றுவிடும். வயது கூடக் கூட இயற்கையே பிணைப்புகளைக் கூட்டிக்கொள்வதுதான் இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. பரம்பரைக்குப் பங்குண்டு, ஒவ்வாமைக்குப் பங்குண்டு, கசக்கலுக்குப் பெரும்பங்குண்டு. கசக்கல் மட்டுமே நோயை உண்டாக்கிவிடும் என்று சொல்வோரும் இருக்கிறார்கள். பிறவியிலேயே தளர்ந்த படலத்தைக் கசக்கல் முறித்துவிடுகிறது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இது அரிய நோய் என்று நான் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்காவில் 1986இல் வெளியான கணக்கு ஒரு லட்சம் பேருக்கு 54 என்று சொன்னது. நடு இந்தியாவின் நாட்டுப்புறத்தில் 30 வயதுக்கு மேற்பட்டோரிடம் எடுத்து 2009இல் வெளியான ஆய்வோ 2.3 விழுக்காடு என்றது. வளைவு 48 டயாப்டரைத் தாண்டினாலே நோய் என்று வைத்துக்கொண்ட அகன்ற வரையறை அது. ஆகவே அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளத் தயக்கம் உண்டு என்றாலும், அரிது என்னும் சொல் நம் ஊருக்குப் பொருந்தாது என்பதை எங்கள் பிரிவின் கோடைக்கால வரிசையே சொல்லும்.

காத்திருந்த நான்கு மாதம்

முதல் வேலையாக ஒவ்வாமையை அடக்கினோம். ஒவ்வாமைக்கெதிரான சொட்டு மருந்து, செயற்கைக் கண்ணீர், எங்கள் கண்காணிப்பில் இரண்டு வாரத்துக்கு மட்டும் மென்மையான ஸ்டீராய்டு, அதை நிறுத்தியபின், ஸ்டீராய்டு அல்லாமலேயே அழற்சியை அடக்கும் டாக்ரோலிமஸ் களிம்பு. நமைக்கும்போது கண்ணுக்குக் கையைக் கொண்டுபோகாதே என்று வெறுமனே சொல்வதில் பயனில்லை. கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். மண்பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடிய இமைமேல் அழுத்தாமல் போட்டுக்கொள்ளச் சொன்னோம். படுக்கும்போது மல்லாந்து படுக்கச் சொன்னோம். தாயார் இரவில் எழுந்து பார்த்துத் திருப்பிப் போடுவதாகச் சொல்லி, அப்படியே செய்தும் வந்தார்.

நான்கு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் வலது கண் ஏறத்தாழ அப்படியே நின்றது. இடது கண் 58.6 டயாப்டராகவும் 412 மைக்ரானாகவும் நகர்ந்திருந்தது. ஓராண்டுக்குள் ஒரு டயாப்டருக்கு மேல் ஏறினால் நோய் முன்னேறுகிறது என்று கொள்வது பரவலான வழக்கம். இங்கே நான்கே மாதத்தில் 1.4 ஏறியிருந்தது.

இந்தக் காத்திருப்பு சரிதானா என்பதை இப்போது திரும்பிப் பார்க்கிறேன். தடித்து அழன்ற இமைகளோடு சிகிச்சை செய்தால் மேற்தோல் ஆற நாளாகும், தொற்றுக்கும் இடமாகும் என்பதால் ஒவ்வாமை தணியக் காத்திருந்தது நியாயமே. ஆனால் அதற்கு ஆறு வாரம் போதுமானதாக இருந்தது. மீதி இரண்டரை மாதம், நோய் முன்னேறுகிறது என்பதற்கு எங்கள் ஸ்கேனிலேயே சான்று வேண்டும் என்று நான் காத்திருந்த காலம். அந்தச் சான்று மஞ்சள் பையில் முதல் நாளே இருந்தது. 9 மைக்ரான் என்பது பெரிய இழப்பாகத் தெரியாமல் போகலாம். அடுத்து வந்த சிகிச்சையில் ஒவ்வொரு மைக்ரானுக்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

குறுக்குப் பிணைப்புச் சிகிச்சை

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வொல்லென்சாக், ஸ்போயர்ல், சைலர் ஆகியோர் உருவாக்கி, 22 நோயாளிகளின் 23 கண்களில் செய்து 2003இல் வெளியிட்ட முறை இது. அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது 2016இல்தான். கருவிழியின் மேற்தோலை நீக்கிவிட்டு, ரைபோஃபிளேவின் என்னும் வைட்டமின் பி2 கரைசலை அரைமணி நேரம் சொட்டுச் சொட்டாக ஊறவிட்டு, அதன்மேல் 370 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை, சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிவாட் அளவில், மேலும் அரைமணி நேரம் செலுத்துவதே மூல முறை. ஒளிபட்ட வைட்டமின் கொலாஜன் இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகளை உண்டாக்கும். ஒளியின் அளவைக் கூட்டி நேரத்தைக் குறைக்கும் முறைகளும் இன்று நடைமுறையில் உள்ளன. இவருக்கு மூல முறையையே தேர்ந்தெடுத்தோம்.

மேற்தோலை எடுத்தபின் படலம் 400 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்பது இதன் முக்கிய விதி. குறைந்தால் ஒளி அடித்தளம்வரை ஊடுருவி, ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளராத உட்செல்களைக் கெடுத்துவிடும். மேற்தோல் மட்டுமே ஏறத்தாழ 50 மைக்ரான் இருக்கும். ஆகவே 412 மைக்ரான் கண்ணில் அதை எடுத்தால் என்ன மிஞ்சும் என்பது வெளிப்படை. அறுவை மேசையில் அளந்தபோது 366 என்று வந்தது. உப்படர்த்தி குறைந்த கரைசலைச் சொட்டி, படலம் நீரை உறிஞ்சி ஊதும்வரை காத்திருந்து, மூன்றாம் அளவையில் 409 கிடைத்தபிறகே விளக்கை ஏற்றினோம்.

முதல் மூன்று நாள் நல்ல வலி இருந்தது. மேற்தோல் வளரும்வரை கட்டுப்போடுவதுபோல் வைத்த மென் லென்ஸை ஐந்தாம் நாள் எடுத்தோம். அதுவரை தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, பட்டறை வகுப்புக்குப் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம், இரண்டையும் கேட்டார்.

ஒரு மாதத்தில் அவர்கள் திரும்பி வந்தபோது மனத்தாங்கலோடு வந்தார்கள். கருவிழியில் மெல்லிய புகைமூட்டம் இருந்தது, பார்வை முன்பைவிடச் சற்று மங்கல், ஸ்கேனிலும் வளைவு கொஞ்சம் கூடியே காட்டியது. "ஆபரேசனும் பண்ணியாச்சு, கண்ணாடி நம்பர் குறையலையே டாக்டரம்மா" என்றார் தாயார். சிகிச்சைக்கு முன்பே இதை நான் சொல்லியிருந்தேன். ஆனால் சொல்லியதும் அவர்கள் விளங்கிக்கொண்டதும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. கரை சரியாமல் இருக்கக் கல்கட்டு கட்டுவதுபோலத்தான் இது, சரிந்த மண்ணை எடுத்து மேலே வைப்பது அல்ல அம்மா என்று மறுபடி சொன்னேன். முதல் மாதத்தில் இப்படிக் கூடித் தோன்றுவதும் பிறகு குறைவதும் இந்தச் சிகிச்சையின் வழக்கமான போக்கு. ஆறாம் மாதத்தில் புகைமூட்டம் விலகியது. ஓராண்டில் இடது கண்ணின் வளைவு 57.3 டயாப்டரில் நின்றது.

கண்ணையே மாற்றிவிடலாமா என்றும் அவர்கள் கேட்டார்கள். கண் மாற்றம் என்று ஊரில் சொன்னாலும் மாற்றுவது கருவிழிப் படலத்தை மட்டுமே. 1905ஆம் ஆண்டு எடுவர்ட் சிர்ம் முதன்முதலில் வெற்றியோடு செய்த அறுவை அது. இன்று கூம்புக் கருவிழிக்கு, நோயாளியின் சொந்த உட்செல் அடுக்கை அப்படியே வைத்துக்கொண்டு முன்படலங்களை மட்டும் மாற்ற முடிகிறது, அதனால் உடல் ஒதுக்கிவிடும் ஆபத்தும் குறைந்திருக்கிறது. இருந்தாலும் தையல், மாதக்கணக்கில் சொட்டு மருந்து, ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு எல்லாம் வேண்டும். கூம்பின் உச்சி வெளுத்துத் தழும்பானவர்களுக்கும், லென்ஸ் எதுவும் பொருந்தாதவர்களுக்கும் உரிய வழியை, இன்னும் தெளிவாக உள்ள கருவிழிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். லேசர் போட்டுக் கண்ணாடியை எடுத்துவிடலாம் என்று யாரோ சொன்னதாகக் கேட்டதற்கு மட்டும் ஒரே சொல்லில் கூடாது என்றேன். மெலிந்த படலத்தை மேலும் செதுக்குவது அது.

லென்ஸும் அழகர் திருவிழாவும்

கூம்பின் மேடு பள்ளத்தைச் சாதாரணக் கண்ணாடியால் சரிசெய்ய முடியாததற்குக் காரணம், கண்ணாடி ஒரே சீரான வளைவையே தரும் என்பது. கெட்டியான லென்ஸ் ஒன்றைக் கருவிழிமேல் வைத்தால், இடையில் உள்ள கண்ணீர் பள்ளங்களை நிரப்பிவிட, ஒளி லென்ஸின் வழவழப்பான முகத்தில் விழும். முதலில் காற்று ஊடுருவும் சிறு கெட்டி லென்ஸைப் பொருத்தினோம். இடது கண் 6/9 வாசித்தது. ஆனால் பட்டறைத் தூசி ஒன்று உள்ளே புகுந்தால் கண்ணைத் திறக்க முடியவில்லை, மீண்டும் கசக்கத் தூண்டியது. அதனால் வெண்விழியில் உட்கார்ந்து கருவிழியைத் தொடாமல் பாலம்போல் வளைந்து நிற்கும் ஸ்கிளீரல் லென்ஸுக்கு மாறினோம். அதில் பதனப்பொருள் கலவாத உப்புக்கரைசலைத் தளும்ப நிரப்பி, குனிந்து தரையைப் பார்த்தபடி, குமிழி புகாமல் போட வேண்டும். முதல் நாள் நாற்பது நிமிடம் போராடினார். இரண்டாம் வாரத்தில் ஐந்து நிமிடத்தில் போட்டார். பார்வை 6/6க்கு ஓரிரு எழுத்துகள் குறைவு.

அடுத்த சித்திரையில் ஒரு சிக்கல் வந்தது. அழகர் வைகையில் இறங்கும் விழாவில் துருத்தியில் தண்ணீர் பீய்ச்சும் வேண்டுதல் இவர் குடும்பத்தில் உண்டு; லென்ஸோடு போயிருக்கிறார். முகமெல்லாம் தண்ணீரும் புழுதியும் பட்டு, அன்றிரவு லென்ஸைக் கழற்றி, கரைசல் தீர்ந்துபோனதால் குழாய்த் தண்ணீரில் கழுவி வைத்து, மறுநாளும் போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் சிவந்த கண்ணோடு வந்தார். குழாய்நீரிலும் ஆற்றுநீரிலும் கிணற்றுநீரிலும் அகந்தமீபா என்னும் ஒற்றைச்செல் உயிரி இருக்கக்கூடும். லென்ஸ் வழியே கருவிழிக்குள் புகுந்தால் மாதக்கணக்கில் மருந்து விட்டும் அடங்காத புண்ணை உண்டாக்கும். நல்வேளையாக இவருக்கு அது மேற்தோல் சிராய்ப்பும் ஒவ்வாமையும் மட்டுமே. பத்து நாளில் ஆறியது. அந்த லென்ஸைத் தூக்கி எறியச் செய்து புதியது கொடுத்தோம். வேண்டுதலை விடச் சொல்லவில்லை. அன்றைக்குப் பழைய கண்ணாடியோடு போகச் சொன்னோம்.

வலது கண்ணுக்கு இதுவரை சிகிச்சை செய்யவில்லை. கசக்கல் நின்றபின் மூன்று ஸ்கேன்களில் அது அசையவில்லை என்பது ஒருபக்கம், இந்த வயதில் ஒரு ஸ்கேன் தவறினாலும் நாளை வருந்த நேரும் என்பது மறுபக்கம். ஆறு மாதத்துக்கொரு முறை வருவதைக் குடும்பம் தவறவிடவில்லை என்பதால் காத்திருக்கிறோம். அரை டயாப்டர் நகர்ந்தாலும் இம்முறை தாமதிக்கப் போவதில்லை.

இரண்டாம் வருகையிலேயே, கண்ணாடி போடாத 13 வயதுத் தங்கையையும் அழைத்துவரச் சொல்லியிருந்தோம். பார்வை இரு கண்ணிலும் 6/6, கத்தரி நிழல் இல்லை. ஸ்கேனில் மட்டும் இடது கருவிழியின் பின்புற முகம் சிறிது உயர்ந்திருந்தது; கூம்பின் முதல் அசைவு பெரும்பாலும் தெரியும் இடம் அதுதான். நோயென்று எழுதும் அளவுக்கு அது இல்லை. அவளுக்கும் கோடையில் நமைச்சல் உண்டா என்று கேட்டதற்கு, அண்ணன் அளவுக்கு இல்லை என்றாள். ஒவ்வாமைச் சொட்டு மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்து, ஆறு மாதத்தில் வரச் சொன்னோம். ஸ்கேன் அச்சை வாங்கிய தாயார் அதை மகனுடைய காகிதங்களோடு சேர்க்காமல், பைக்குள் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறைமேல் தேதியை எழுதித் தரும்படி கேட்டார்.